நேரம் தவறாத பூதமும் அதன் முகவரித் தாளும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. மாணவர்களின் செய்முறை மதிப்பெண்கள் யாவும் அதில்தான் பதிவாகின்றன. நாள்தோறும் பின்னிரவு 2 மணிக்கு அது தானாகவே விழித்து, அன்றைய பதிவுகளை வேறொரு தட்டில் நகல் எடுக்கும். வேலை முடிந்தால் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். முடியாவிட்டாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூத்த ஆசிரியர் அமைத்துத் தந்த ஏற்பாடு அது.

ஒரு நாள் முதல் தட்டு பழுதாயிற்று. நகலைத் தேடினோம். கடைசி நகல் ஏழு வாரங்களுக்கு முந்தியது! இரண்டாவது தட்டு நிரம்பிவிட்டதால் நகல் எடுப்பது நின்றுபோயிருந்தது. ஏன் யாருக்கும் தெரியவில்லை? அப்பொறி தன் கடமையில் தவறவில்லை. ஏழு வாரமும் இரவுதோறும் "வேலை முடியவில்லை" என்று எழுதிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அக்கடிதங்கள் யாவும், பணி ஓய்வு பெற்றுவிட்ட அந்த ஆசிரியரின் பழைய கல்லூரி முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. அப்பெட்டியைத் திறந்து பார்க்க யாரும் இல்லை.

மதிப்பெண் பட்டியல்களை மீண்டும் தயாரிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கட்டும். எனக்குள் எழுந்த கேள்வி இதுதான்: குறித்த நேரத்தில் எழுந்து வேலை செய்ய இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அது யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தோமா? இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் நம் குமரிக்கடலும் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கிறது.

மணி கட்டிய கோல்

இன்று கன்னியாகுமரி மாவட்டம் என வழங்கும் நாஞ்சில் நாடும் அதன் மேற்கே உள்ள பகுதிகளும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருடன் இணைந்திருந்தன. திருவிதாங்கூருக்கென்று தனித் தபால் துறை ஒன்று இருந்தது. அதன் பெயர் 'அஞ்சல்'. முதலில் அரசுக் கடிதங்களைச் சுமந்த அத்துறை பின்னர் பொதுமக்களின் கடிதங்களையும் ஏற்றது. 1888 முதல் சங்கு முத்திரை பொறித்த சொந்தத் தபால்தலைகளையும் வெளியிட்டது. 1951-இல் அது இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. நாம் இன்று 'மின்னஞ்சல்' என்று சொல்லும்போது, அறிந்தோ அறியாமலோ அந்தப் பழைய பெயரையே உச்சரிக்கிறோம்.

அஞ்சல் பையைச் சுமந்து ஓடியவரை அஞ்சலோட்டக்காரர் என்றார்கள். அவர் கையில் மணி கட்டிய ஒரு கோல் இருக்கும். மணியோசை கேட்டால் வழியில் செல்வோர் ஒதுங்கிக் கொள்ளவேண்டும். ஒருவர் ஓடி முடித்த இடத்தில் இன்னொருவர் பையை வாங்கிக்கொண்டு ஓடுவார்.

இந்த ஏற்பாட்டை ஓர் இயற்பியல் மாணவனின் கண்ணோடு பார்ப்போம். இது இயங்க மூன்று விவரங்கள் தேவை. முதலாவது, இது யார் அனுப்பும் பை? அதற்குத்தான் முத்திரை. இரண்டாவது, எந்த வழியாக, எந்த நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும்? மூன்றாவது, யாருக்குச் சேரவேண்டும்? ஓடுகிறவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இம்மூன்றில் ஒன்று தவறினால் கடிதம் சேராது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலையத்தில் ஒருவர் மணியோசைக்குக் காத்திருக்கிறார். வழக்கமான நேரம் கடந்தும் ஓசை கேட்கவில்லை என்றால் அதுவே அவருக்கு ஒரு செய்தி! கட்டுரையின் முடிவில் இந்த மணிக்கு நாம் திரும்பி வருவோம்.

பூதம் பிறந்த கதை

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1960-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் தலைமையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அதுவரை கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒருவருக்கே உழைத்தது. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கவேண்டும். கார்பட்டோ குழுவினர் ஒரே பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் 'நேரப் பகிர்வு' முறையை அமைத்தனர்.

பலர் கூடினால் பொது வேலைகள் பெருகும் அல்லவா? வீட்டில் ஆள் கூடினால் முற்றம் பெருக்குவதும் கூடுவதுபோலத்தான். எல்லோருடைய பதிவுகளையும் காந்த நாடாவில் நகல் எடுத்து வைக்கவேண்டும். இதை யாரும் கட்டளையிடாமலே, பின்னணியில் தானாகச் செய்ய ஒரு நிரலை எழுதினார்கள். 1963-ஐ ஒட்டி, ஐபிஎம் 7094 என்ற பொறியில், இத்தகைய நிரல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டீமன்', அதாவது பூதம்!

ஏன் பூதம்? இங்கேதான் இயற்பியல் வருகிறது. 1867-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தம் நண்பர் டெயிட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கற்பனை உயிரைப் படைத்தார். வாயு நிறைந்த இரு அறைகள். நடுவில் ஒரு சிறு கதவு. கதவருகே ஒரு நுண்ணிய உயிர் அமர்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் ஓய்வின்றிப் பிரித்து விடுகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சோதிக்க எழுந்த கற்பனை இது. கெல்வின் பிரபு 1874-இல் இதற்குப் 'பூதம்' என்று பெயரிட்டார். சலிக்காமல் பின்னணியில் உழைக்கும் அந்த மாக்ஸ்வெல் பூதத்தின் நினைவாகவே தம் நிரல்களுக்குப் பெயர் வைத்ததாகப் பிற்காலத்தில் கார்பட்டோ கூறினார். பூதப்பாண்டியை ஊர்ப்பெயராக வைத்திருக்கும் நமக்குப் பூதம் என்றால் அச்சமில்லை. சொன்ன வேலையைச் செய்யும் காவற்பூதங்களைக் கதைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இதே பொறியில் 1965-இல் இன்னொன்றும் பிறந்தது. டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் என்ற இரு இளைஞர்கள், ஒரு பயனாளர் மற்றொருவரின் பெட்டியில் கடிதம் இட்டுச் செல்ல 'மெயில்' என்ற கட்டளையை எழுதினர். தானே உழைக்கும் பூதமும் கணிப்பொறிக் கடிதமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள். இவ்விரண்டும் கைகோத்தால் என்ன ஆகும்? வேலை முடிந்ததும் பூதமே கடிதம் எழுதும்!

நிமிடத்துக்கு ஒருமுறை விழிப்பது

அந்தக் கைகோப்பு முழுமை பெற்றது யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான அதன் ஏழாம் பதிப்பு 1979-இல் வெளிவந்தது. அதில் 'கிரான்' என்றொரு பூதம் இருந்தது. காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை நினைவூட்டும் பெயர் இது.

கிரான் செய்வது மிக எளிய வேலை. நிமிடத்துக்கு ஒருமுறை கண் விழிக்கும். ஓர் அட்டவணையைப் பார்க்கும். நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள் அதில் உண்டு. அவற்றுக்கு எதிரே செய்யவேண்டிய வேலை எழுதியிருக்கும். இந்த நிமிடத்துக்கு உரிய வேலை இருந்தால் தொடங்கிவிடும். இல்லையேல் மீண்டும் உறங்கும். பேச்சிப்பாறை நீரை முறை வைத்துத் திறந்துவிடும் மடைக்காவலர்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது ஏதேனும் சொல்ல நேர்ந்தால் யாரிடம் சொல்வது? நள்ளிரவில் திரைக்கு முன் ஒருவரும் இல்லை. எனவே அந்தச் சொற்களைக் கடிதமாக்கி, வேலையின் உரிமையாளரின் பெட்டியில் கிரான் போட்டு வைக்கும் வழக்கம் வந்தது. ஆனால் அப்பெட்டி அந்தப் பொறிக்குள்ளேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்க நினைவு வரவேண்டுமே! பல இடங்களில் யாரும் படிக்காத கடிதங்கள் ஆண்டுக்கணக்காகக் குவிந்தன. 1987-இல் பால் விக்ஸி எழுதி வெளியிட்ட கிரான் நிரல் பின்னர் எங்கும் பரவியது. அதன் அட்டவணையில் 'மெயில்டு' என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. கடிதம் இன்னாருக்குப் போகட்டும் என்று அங்கே குறிப்பிடலாம். ஒரே ஒரு வரிதான். எங்கள் கல்லூரியில் பழசாகிப்போனதும் அதைப் போன்ற ஒரு வரியே.

மூன்று விடைகள் எழுதிய தாள்

ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குக் கடிதம் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் 1971-இல் செய்து காட்டினார். பெயருக்கும் பொறிக்கும் நடுவே இன்று நாம் இடும் 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. 1982 ஆகஸ்டில் ஜோன் போஸ்டல் எழுதிய விதிமுறை, கடிதம் கைமாறும்போது இரு பொறிகள் எவ்வாறு உரையாடவேண்டும் என வகுத்தது. அவ்வுரையாடல் சுவையானது. அனுப்பும் பொறி முதலில் "வணக்கம், நான் இன்னார்" என்கிறது. அடுத்து "இக்கடிதத்தை அனுப்புகிறவர் இவர்" என்கிறது. பிறகு "இவருக்குச் சேரவேண்டும்" என்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பொறி சம்மதம் சொன்ன பிறகே கடிதம் கைமாறும். அஞ்சலோட்டத்தின் மூன்று விவரங்கள் இங்கே மீண்டும் வந்துவிட்டன அல்லவா?

மனிதன் கடிதம் எழுதும்போது இவ்விவரங்களை அவனே தருகிறான். பூதம் எழுதும்போது? அவை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைக்கப்படவேண்டும். இன்ன பெயரில் அனுப்பு, இன்ன அஞ்சல் பொறியிடம் கொடு, இன்ன கடவுச்சொல்லைக் காட்டு என்ற குறிப்புகள் அடங்கிய இத்தாளைத்தான் கணிப்பொறித் துறையினர் 'புரொஃபைல்' என்கிறார்கள். நாம் 'விவரத்தாள்' என்போம். பெறுபவர் யார் என்பது பெரும்பாலும் அந்தந்த வேலையோடு சேர்த்துத் தனியே எழுதப்படும்.

1990-களில் அலுவலகங்களில் விண்டோஸ் பரவியபோது இந்தத் தாள் பலரைத் தடுமாற வைத்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவு மென்பொருளில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்க 'ஏஜென்ட்' என்ற பூதம் இருந்தது. அது கடிதம் அனுப்பவேண்டுமானால், மனிதர்கள் கடிதம் படிக்கப் பயன்படுத்தும் அவுட்லுக் போன்ற மென்பொருளையும் அதே பொறியில் நிறுவி, அதில் ஒரு விவரத்தாள் அமைக்கவேண்டும். எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இங்கே ஒரு பொறி வைக்கப்பட்டிருந்தது!

விண்டோஸில் ஒவ்வொரு பயனாளர் கணக்குக்கும் தனித்தனி அறை உண்டு. ஒருவர் எழுதி வைத்த விவரத்தாள் அவர் அறையில்தான் இருக்கும். பொறுப்பாளர் தம் பெயரில் உள்ளே நுழைந்து, விவரத்தாளை அமைத்து, ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்கிறார். கடிதம் ஒழுங்காகப் போகிறது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறார். இரவு 2 மணிக்குப் பூதம் விழிக்கிறது. அது இயங்குவதோ வேறொரு கணக்கின் பெயரில். அதன் அறையில் தாளே இல்லை. "விவரத்தாளைக் காணோம்" என்று கைவிரித்துவிடுகிறது. தீர்வு என்ன? பூதம் எந்தக் கணக்கில் இயங்குமோ, அந்தக் கணக்கிலேயே நுழைந்து தாளை எழுதவேண்டும். தலைவர் தம் வீட்டு அலமாரியில் சாவியை வைத்துவிட்டுக் காவலாளியைக் கதவைத் திறக்கச் சொன்னால் நடக்குமா?

2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஒரு மாற்று வந்தது. அவுட்லுக்கின் துணை இன்றி, விவரத்தாளைத் தரவு மென்பொருளுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும் முறை அது. ஒரே தாளில் பல அஞ்சல் கணக்குகளை வரிசையாக எழுதலாம். முதல் கணக்கின் வழி அடைபட்டால் அடுத்ததன் வழியே கடிதம் போகும். எச்சரிக்கையைப் பெறவேண்டியவர் எவருக்கும் செய்தி சேராதபோது, கடைசிப் புகலாக ஒருவர் பெயரைக் குறித்து வைக்கவும் இடம் உண்டு. பழைய முறை 2012-ஆம் ஆண்டுப் பதிப்போடு விடைபெற்றது.

ஆனாலும் தாள் பழசாவது நிற்கவில்லை. கடவுச்சொல் மாறும், அஞ்சல் பொறியின் பெயர் மாறும், விதி மாறும். 2022 மே 30 முதல் கூகுள் நிறுவனம், வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் காட்டி வெளி மென்பொருள்கள் தன் அஞ்சலுக்குள் நுழைவதை நிறுத்தத் தொடங்கியது. பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆனால் பழைய தாளோடு ஓடிக்கொண்டிருந்த பூதங்களுக்கு வாசலில் தடை விழுந்தது. அவை அனுப்பமுடியாமல் போனதை அனுப்பிச் சொல்லவும் அவற்றுக்கு வழியில்லை!

இன்னொரு நுட்பத்தையும் மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். தவறான முகவரிக்குக் கடிதம் எழுதினால் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு பதில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாக்ஸ்வெல் பூதத்தின் வழித்தோன்றல்தான் அது. அந்தப் பதிலில் 'அனுப்புநர்' என்ற இடம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்படும். ஏன்? திருப்பி அனுப்பிய கடிதமும் சேராமற்போனால், அதைத் திருப்பியது பற்றி இன்னொரு கடிதம், அதைப் பற்றி மற்றொன்று என்று முடிவில்லாமல் பெருகிவிடும். ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்தால் வீறிடுகிறதே, அதே பின்னூட்டம்தான். வெற்று முகவரி அந்தச் சுற்றை அறுக்கிறது.

2004 டிசம்பர் 26

"கல்லூரி மதிப்பெண், அலுவலகக் கணக்கு என்று சிறிய விஷயங்களைச் சொல்கிறீரே" என்று வாசகர்கள் கேட்கலாம். இனி நம் கடற்கரைக்கு வருவோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்திரா தீவின் மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கிருந்து குமரிமுனை 2,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆழிப்பேரலையின் வேகத்தைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் உண்டு: புவியீர்ப்பு முடுக்கத்தைக் கடலின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டும். ஆழம் 4,000 மீட்டர் என்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர். ஆகவே அலை நம்மை அடைய ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எனக் கரையெங்கும் அழிவு. மணக்குடிப் பாலத்தை அலை பெயர்த்தெறிந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் எண்ணூறு பேர் அளவில் மாண்டனர்.

மூன்று மணி நேரம்! கடற்கரையை விட்டு அரை மைல் உள்ளே நடந்துபோக அவ்வளவு நேரம் வேண்டாம். அப்படியானால் உலகில் யாருக்குமே தெரியவில்லையா? தெரிந்தது. ஹவாய்த் தீவில் இருந்த பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம், நிலநடுக்கம் நிகழ்ந்த 15 நிமிடங்களில் முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. நிலநடுக்கத்தின் அளவைத் தொடக்கத்தில் 8 என்றே அது குறைத்து மதிப்பிட்டிருந்தது உண்மை. ஆயினும் கருவி உணர்ந்தது, அறிக்கை பிறந்தது, அது போயும் சேர்ந்தது. ஆனால் யாருக்கு? அம்மையத்தின் பட்டியலில் இருந்தவை பசிபிக் பெருங்கடல் ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகள். இந்தியா அதில் இல்லை; இலங்கையும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடே அன்று கிடையாது.

நம் நாட்டுக்குள்ளும் ஒன்று நடந்தது. அன்று காலை இந்திய வானிலைத் துறை தொலைநகலில் அனுப்பிய நிலநடுக்கச் செய்தி ஒன்று, அப்போதைய அறிவியல் அமைச்சருக்குப் போகாமல், அதே ஆண்டு மே மாதம் பதவியிழந்த முந்தைய அரசின் அமைச்சர் வீட்டுக்குப் போனதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்த ஒரு தாள் சரியான இடத்துக்குப் போயிருந்தால் மட்டும் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதன்பின் செய்தியைக் கரைக்குக் கொண்டுவர வழியே அமைக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெட்டிக்குப் போன எங்கள் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். பிழையின் உருவம் ஒன்றுதான். விலைதான் வேறு.

பட்டியலைச் சோதிக்கும் ஏற்பாடு

இந்தப் பாடத்தை நாடு கற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், கடலடி அழுத்தமானிகள், கடல்மட்ட அளவிகள் ஆகியவற்றின் அளவீடுகள் அங்கு இரவும் பகலும் வந்து குவிகின்றன. பெரிய நிலநடுக்கம் ஒன்றைக் கண்டதும், முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் மாதிரிகளோடு மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும். எந்தக் கரைக்கு எத்தகைய ஆபத்து என்ற அறிக்கை மின்னஞ்சல், தொலைநகல், குறுஞ்செய்தி எனப் பல வழிகளில் ஒரே சமயத்தில் புறப்படும்.

2012 ஏப்ரல் 11-ஆம் நாள் பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்குச் சுமத்திராவின் மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தபோது சில நிமிடங்களிலேயே அறிக்கைகள் பறந்தன. கடலடிப் பாறைகள் மேல் கீழாக அன்றிப் பக்கவாட்டில் நழுவியதால் அன்று பேரலை எழவில்லை. என்றாலும் ஏற்பாடு சோதனையில் தேறியது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. ஆபத்து எதுவும் இல்லாத நாள்களிலும் இந்தியப் பெருங்கடல் நாடுகளிடையே செய்தித் தொடர்புச் சோதனைகள் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகின்றன. சோதனைச் செய்தி அனுப்பப்படும். ஒவ்வொரு நாட்டிலும் அது எவ்வழியில் எப்போது சேர்ந்தது என்று கணக்கெடுப்பார்கள். நிலநடுக்கமானியைச் சோதிப்பதுபோலவே முகவரிப் பட்டியலையும் சோதிக்கவேண்டும் என்ற அறிவு, 2004-இல் பெரும் விலை கொடுத்து நாம் பெற்றது.

கடைமடை

நாஞ்சில் நாட்டு உழவருக்குத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. மேலே மடையைத் திறந்ததும் கடைமடைக்கு நீர் சேர்ந்துவிட்டது என்று எவரும் நம்பமாட்டார். மண்வெட்டியோடு போய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தால்தான் உறக்கம் வரும். செய்திக்கும் கடைமடை உண்டு.

2017 நவம்பர் 29-இல் இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஓர் இரவில் வலுத்து, 30-ஆம் நாள் காலையில் குமரிக்கடலில் ஒக்கிப் புயலாயிற்று. இந்த முறை அறிக்கை அனுப்பவேண்டியவர்கள் பட்டியலில் நம் மாவட்டம் இருந்தது. அலுவலகங்களுக்குச் செய்தி வந்தது. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள்களுக்கு முன்பே வெகுதொலைவு போயிருந்தார்கள். கைப்பேசியின் அலை கரையிலிருந்து சிறிது தூரமே எட்டும். அவர்களுக்கு முகவரி இருந்தது. அம்முகவரிக்கு வழிதான் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது திரும்பவே இல்லை.

2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு கருவி அறிமுகமாயிற்று. வானூர்திகளுக்கு வழிகாட்டும் 'ககன்' செயற்கைக்கோள் ஏற்பாட்டின் வழியே வரும் எச்சரிக்கையை அது நடுக்கடலிலும் பெற்று, மீனவரின் கைப்பேசித் திரையில் காட்டும். வழி கிடைத்துவிட்டது. ஆனால் அது பெற மட்டுமே வல்லது; "கிடைத்தது" என்று கரைக்குத் திருப்பிச் சொல்ல அதனால் இயலாது. அனுப்பினோம் என்பதற்கும் சேர்ந்தது என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி அங்கேயும் இருக்கிறது.

மணியோசை கேட்கிறதா?

இனி வாசகர்கள் தம் அலுவலகத்திலோ பள்ளியிலோ வீட்டிலோ இத்தகைய பூதம் ஒன்றை வைத்திருந்தால் சில வழக்கங்களைக் கைக்கொள்வது நலம்.

விவரத்தாளைப் பூதம் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அந்தக் கணக்கிலேயே எழுதுங்கள். அதே கணக்கிலிருந்தே சோதனைக் கடிதத்தையும் அனுப்பிப் பாருங்கள். பெறுபவரிடத்தில் ஆள் பெயரை எழுதாமல் பதவிக்கென ஒரு முகவரி வைத்து, அதை இருவராவது படிக்கும்படி செய்யுங்கள். ஆள் ஓய்வு பெறுவார். பதவி ஓய்வு பெறாது. கடவுச்சொல்லோ அஞ்சல் பொறியோ மாறும் நாளில், அவற்றை நம்பியிருக்கும் பூதங்கள் எவை என்று ஒரு பட்டியலைப் பார்த்துத் திருத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மௌனத்தை நம்பாதீர்கள். "பிழை நேர்ந்தால் மட்டும் சொல்" என்று பூதத்திடம் சொல்லிவைத்தால், அதன் மௌனத்துக்கு இரண்டு பொருள் உண்டாகிவிடுகிறது. எல்லாம் நலம் என்றும் கொள்ளலாம். சொல்லவே முடியாமல் கிடக்கிறது என்றும் கொள்ளலாம். சரி, நாள்தோறும் "நலம்" என்று எழுதச் சொன்னால்? பத்தாம் நாள் அக்கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வேறொரு பொறி அந்த அன்றாடக் கடிதத்துக்குக் காத்திருக்கட்டும். குறித்த நேரத்துக்குள் கடிதம் வராவிட்டால் அது மனிதரை எழுப்பட்டும். மனிதர் படிக்கவேண்டிய கடிதம் அந்த ஒன்றுதான்.

இது புதிய கண்டுபிடிப்பா? அல்லவே. அடுத்த நிலையத்தில் மணியோசைக்குக் காது கொடுத்துக் காத்திருந்தாரே, அவர் செய்த வேலைதான் இது. ஓடுகிறவர் சொல்லமுடியாத செய்தியை அவருடைய மணி ஒலிக்காமை சொல்லிவிட்டது. ஓடுகிறவரை இயந்திரமாக்கிய நாம் காத்திருப்பவரை மறந்துவிட்டோம்.

எங்கள் கல்லூரிப் பூதம் இன்றும் பின்னிரவு 2 மணிக்கு விழிக்கிறது. இப்போது அதன் கடிதத்துக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. மாதத்தின் முதல் திங்களன்று மாணவன் ஒருவன் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, எச்சரிக்கை வருகிறதா என்று பார்ப்பான். அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யார் பெயரில் அனுப்புகிறது, எவ்வழியே போகிறது, யாரிடம் சேருகிறது என்ற மூன்று விவரங்களும், கடைசியாகச் சரிபார்த்த நாளும் அதில் இருக்கின்றன. நாளைக் குறிக்கும் அந்தக் கடைசி வரியை மாதந்தோறும் திருத்தி எழுதுகிறோம்.